ரைன் அருவியில் காலியான பேலன்ஸ்: ஓர் ஐரோப்பிய பஸ் பயணத்தின் போன் கணக்கு

திருநெல்வேலியிலிருந்து என் பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகளான என் அக்கா, அத்தான் என நான்கு பேர் ஒரு டிராவல்ஸ் குழுவோடு ஐரோப்பா போய்வந்தார்கள். வழித்தடம் நம் ஊர்க் குழுக்கள் வழக்கமாகப் போவதுதான். சென்னையிலிருந்து துபாய் வழியாகப் பாரிஸ். அங்கிருந்து பஸ்ஸில் ஜெர்மனியின் கருங்காடு, ரைன் அருவி, லூசெர்ன், யுங்ஃப்ராவ் பனிமலை. பிறகு லீக்டன்ஸ்டைனின் வாடூஸ், ஆஸ்திரியாவில் ஸ்வரோவ்ஸ்கி படிகக் காட்சியகம் இருக்கும் வாட்டன்ஸ், வெனிஸ், ஃப்ளோரன்ஸ், கடைசியாக ரோம். ஆறு நாடுகள், வாத்திகனையும் சேர்த்தால் ஏழு.

போன் ஏற்பாட்டை என்னிடம் விட்டிருந்தார்கள். நான்கு பேருக்கும் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டும் என்பது அக்கா போட்ட வரம்பு. "ஐரோப்பாவில ரோமிங்கே ஃப்ரீயாமே தம்பி, அப்புறம் எதுக்குப் பத்தாயிரம்?" என்று பெரியப்பா கேட்டார். அவர் கேள்விப்பட்டது பொய்யில்லை. ஆனால் அது யாருக்கு இலவசம், எந்த எல்லை வரைக்கும் இலவசம் என்பதில்தான் இந்தப் பயணத்தின் போன் செலவு முழுவதும் அடங்கியிருந்தது. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன். பில் வந்துவிடும் என்ற பயத்தில் வெளிநாட்டில் போனை அணைத்துப் பெட்டியில் போட்டுவிடும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தெரியாத ஊரில் அவர்களுக்குத்தான் போன் அதிகம் தேவை.

யாருக்கு எது தேவைப்பட்டது

நால்வரின் தேவையும் வேறுவேறு. அத்தானுக்கு அலுவலக அழைப்புகள் அவருடைய போஸ்ட்பெய்டு எண்ணுக்கே வரும், எடுக்காமல் இருக்க முடியாது. அக்காவுக்கு மேப், டூர் மேனேஜரின் வாட்ஸ்அப் குரூப், பிள்ளைகளோடு வீடியோ கால். பெரியப்பாவின் ப்ரீபெய்டு எண்ணில்தான் பென்ஷன் கணக்கின் ஓடிபி வரும். பெரியம்மாவிடம் இருந்தது பட்டன் போன். அவருடைய அம்மா, எண்பதைத் தாண்டியவர், வீட்டில் உதவியாள் ஒருவரின் பொறுப்பில் இருந்தார். அந்த உதவியாள் பதறி அழைத்தால் அந்த அழைப்பு யாராவது ஒருவருக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். என் கணக்கில் இதுதான் முதல் தேவை. மேப்பும் போட்டோவும் அடுத்தவை.

போன் சேவை என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அதில் எண் வேறு, டேட்டா வேறு. எண்ணை மாற்ற வழியில்லை. வங்கி, ஆதார், வாட்ஸ்அப் எல்லாம் அதோடுதான் பிணைந்திருக்கின்றன. டேட்டாவையோ யாரிடம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே இடத்தில் வாங்கும்போதுதான் செலவு ஏறுகிறது.

எஸ்எம்எஸ் டேட்டா வழியாக வருவதில்லை. போனும் டவரும் தமக்குள் பேசிக்கொள்ளும் சிக்னலிங் தடத்தில் வருகிறது. ஆகவே இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, சிம்மை மட்டும் இயக்கத்தில் வைத்திருந்தாலே ஓடிபி வந்துவிடும். ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெறுவதற்கு நம் நிறுவனங்கள் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. ஆனால் இன்டர்நேஷனல் ரோமிங்கை இந்தியாவில் இருக்கும்போதே இயக்கிவிட வேண்டும், ப்ரீபெய்டு வேலிடிட்டி பயணத்தின் நடுவில் முடியக் கூடாது. சில திட்டங்களில் ரோமிங் ரீசார்ஜ் ஏதாவது ஒன்று போட்டால்தான் சிம் வெளிநாட்டு டவரைப் பிடிக்கும். பெரியப்பாவின் திட்டத்தில் அது தேவைப்படவில்லை, கஸ்டமர் கேரில் கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

குரல் அழைப்பின் கதை வேறு. பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் பெரியப்பாவின் எண்ணுக்கு அடித்தால் அந்த அழைப்பு முதலில் இந்திய நெட்வொர்க்குக்குத்தான் போகும். அவர் பாரிஸில் இருக்கிறார் என்று அங்கேதான் தெரியவருகிறது. பிறகு அங்கிருந்து பாரிஸ் வரை அழைப்பு நீள்கிறது. அழைத்தவருக்கு உள்ளூர்க் கட்டணம்தான். நீண்ட தூரத்துக்கான காசு எடுத்தவர் தலையில் விழுகிறது. பேக் இல்லாத சிம்மில் "சாப்டீங்களா" என்று விசாரிக்கும் அழைப்பை எடுத்தாலும் காசு போகும். இதில் இன்னொரு கண்ணி கால் ஃபார்வர்டிங். பாரிஸில் எடுக்காத அழைப்பை இந்தியாவில் உள்ள வேறொரு எண்ணுக்குத் திருப்பிவிடும்படி வைத்திருந்தால், அழைப்பு ஒருமுறை வெளிநாடு போய் மறுபடி இந்தியாவுக்குத் திரும்பும். இரண்டு தடவைக்கும் காசு கேட்கப்படலாம். கிளம்புவதற்கு முன் ##002# அடித்து எல்லாத் திருப்பல்களையும் நீக்கச் சொன்னேன்.

வீட்டு உதவியாளரிடம் ஸ்மார்ட்போன் இருந்தது, வாட்ஸ்அப்பும் இருந்தது. ஆனால் டேட்டா ரீசார்ஜ் பாதி நாள் தீர்ந்துபோயிருக்கும். அந்த எண்ணுக்கு ஒரு மாத ரீசார்ஜ் போட்டுக்கொடுத்தோம். ஏறக்குறைய 300 ரூபாய். மொத்தச் செலவில் மிகச் சிறியதும் மிக உருப்படியானதும் அதுதான். அவசரம் என்றால் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அழைக்க வேண்டும், அது போகவில்லை என்றால் அத்தானின் எண்ணுக்கு நேரடியாக அடிக்கலாம் என்று சொல்லிவைத்தோம்.

பட்டன் போனை வீட்டில் விட்டுப் போகச் சொன்னேன். அது 2ஜி போன். ஜெர்மனியில் 3ஜியை 2021-லேயே நிறுத்திவிட்டார்கள், 2ஜி இன்னும் ஓடுகிறது. ஸ்விட்சர்லாந்திலோ ஸ்விஸ்காம் 2020-ன் முடிவோடு 2ஜிக்கு விடைகொடுத்துவிட்டது. பெட்டிக்குள் சும்மா கிடக்கப்போகிற போனால் பயனில்லை. பெரியப்பாவின் பழைய ஸ்மார்ட்போனை சிம் இல்லாமல் பெரியம்மாவிடம் கொடுத்து, அக்காவின் ஹாட்ஸ்பாட்டில் இணையும்படி செய்துவைத்தோம்.

வாங்கியவை

அத்தானுக்கு இந்திய நிறுவனத்தின் ரோமிங் பேக். ஏறத்தாழ நாலாயிரம் ரூபாய். குறிப்பிட்ட அளவு நிமிடங்களும் டேட்டாவும் உண்டு. பத்து நாள் பேக் கொஞ்சம் மலிவு, ஆனால் பயணம் அதைவிட நீளம். முடிந்ததும் இன்னொன்று போட்டால் செலவு இரட்டிப்பாகும். அதனால் நாள் கூடுதலாக உள்ளதை எடுத்தோம். அதன் நாட்டுப் பட்டியலில் ஸ்விட்சர்லாந்தும் லீக்டன்ஸ்டைனும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஐரோப்பா பேக் என்ற பெயரை நம்பக் கூடாது.

அக்காவுக்கு இசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும் சிம். போனில் *#06# அடித்தால் ஐஎம்இஐ எண்களோடு இஐடி என்று ஒரு நீண்ட எண்ணும் வந்தால் அது இசிம் ஏற்கும் போன். இசிம் வாங்குவதில் இந்தியர்களுக்கு ஒரு சட்டச் சிக்கல் உண்டு. வெளிநாட்டு சிம்களை இங்கே விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அது இல்லாமல் விற்றதாகச் சொல்லி 2024 ஜனவரியில் ஏர்அலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரண்டு செயலிகளையும் இங்கே தடுத்தார்கள். அனுமதி பெற்று விற்கும் ஒருவரிடமிருந்து, ஸ்விட்சர்லாந்து பட்டியலில் இருக்கும் இசிம்மை இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி வாங்கினோம். ஹாட்ஸ்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று முதலில் கேட்டோம், ஏனென்றால் அன்லிமிடெட் என்று விற்கப்படும் சிலவற்றில் அது கிடையாது. க்யூஆர் குறியீட்டை வீட்டு வைஃபையில் இருக்கும்போதே ஸ்கேன் செய்து நிறுவினோம். இசிம்மை இறக்கவே இன்டர்நெட் வேண்டும், பாரிஸில் இறங்கிய பிறகு அதற்கு எங்கே போவது?

பெரியப்பாவின் போனில் இசிம் இல்லை, இரண்டாவது சிம்முக்கு இடம் இருந்தது. அவருக்கு மட்டும் பாரிஸிலேயே ஒரு பிரெஞ்சு சிம் வாங்குவது என்று முடிவானது. விமான நிலையக் கவுன்டரை விட்டுவிட்டு லா ஷப்பெல் பக்கம் போகச் சொன்னேன். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகே தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். காய்கறி, சேலை, கேசட் என்று தொடங்கிய அந்தக் கடைகளில் காலிங் கார்டும் சிம்மும் நெடுங்காலமாக விற்பனையாகின்றன. நாட்டைவிட்டு வந்தவர்கள் ஊருக்குப் பேச எவ்வளவு செலவழித்தார்கள் என்பது அந்தத் தெருவுக்கு நன்றாகத் தெரியும். சிம் விற்கும் லெபாரா நிறுவனத்தை 2001-ல் தொடங்கிய மூவரும், அதேபோன்ற லைக்காமொபைலை 2006-ல் தொடங்கிய சுபாஸ்கரன் அல்லிராஜாவும் ஈழத் தமிழர்கள். சொந்த டவர் இல்லாமல், பெரிய நிறுவனங்களிடம் நிமிடங்களை மொத்த விலைக்கு வாங்கிச் சில்லறைக்கு விற்றார்கள். புலம்பெயர்ந்தவர்கள் ஊருக்குப் பேசும் செலவு இறங்கியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன்.

பெரியப்பா எந்த நிறுவனத்தின் சிம் வாங்கினார் என்பது இங்கே தேவையில்லை. இருபது யூரோவுக்குக் கொஞ்சம் மேலே ஒரு டேட்டா பேக்கும், இந்தியாவுக்குப் பேச என்று தனியாகப் பத்து யூரோ பேலன்ஸும் போட்டுக்கொண்டார். கடைக்காரத் தம்பி வழித்தடத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "ஐயா, சுவிசுக்குப் போறியளோ? அங்கை போனவுடனை டேட்டாவை நிப்பாட்டிப் போடுங்கோ. இல்லாட்டில் காசு போயிடும்."

எல்லையில் நடந்தது

பாரிஸிலிருந்து ஜெர்மனிக்குள் நுழைந்ததும் பெரியப்பாவின் போனில் நெட் நின்றுபோனது. அக்கா எனக்கு அழைத்தார். பிரெஞ்சு சிம்முக்கு ஜெர்மனி வெளிநாடுதான். டேட்டா ரோமிங் என்ற ஸ்விட்சைப் போட்டால்தான் ஓடும், ஆனால் கூடுதல் கட்டணம் கிடையாது. பிரெஞ்சு சிம்முக்கு மட்டும் போடச் சொன்னேன், போட்டார், ஓடியது. கருங்காட்டின் டிடிசே ஏரிக்கரையில் குயில் கடிகாரக் கடை, மரங்கள், பேரனுக்கு வீடியோ என்று ஒரு பகல் போனது.

அன்று மாலை பஸ் தெற்கே இறங்கி ரைன் அருவியை நோக்கிப் போனது. சுங்கச் சாவடியில் வேகத்தைக் குறைத்தது, யாரும் ஏறிப் பாஸ்போர்ட் கேட்கவில்லை. ஸ்விட்சர்லாந்து வந்துவிட்டது என்று அறிவிப்பும் இல்லை. அருவி இருக்கும் ஷாஃப்ஹவுசன் மாநிலம் ஏறக்குறைய முழுவதும் ரைனுக்கு வடக்கே ஜெர்மனிக்குள் பிதுங்கிக் கிடக்கும் பகுதி. அங்கே போன் ஒரு நேரம் ஜெர்மன் டவரைப் பிடிக்கும், ஒரு நேரம் ஸ்விஸ் டவரை. கட்டண விவரத்தோடு வரவேற்புக் குறுஞ்செய்தி ஒன்று வந்திருக்கிறது, பிரெஞ்சு மொழியில். பெரியப்பா அதைத் தள்ளிவிட்டு அருவியைப் படம் எடுத்தார். பகல் முழுக்க எடுத்த போட்டோக்களைப் போன் தானாகவே கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கியிருந்தது. அருவியைச் சுற்றிவிட்டு பஸ்ஸுக்குத் திரும்புவதற்குள் பத்து யூரோவும் காலி.

"டேட்டா பேக்கில இன்னும் நிறைய மிச்சம் இருக்குன்னு காட்டுதே தம்பி, பின்ன எப்படிப் போச்சு?" என்றார் போனில். நியாயமான கேள்வி. பேக்கின் மிச்சம் பிரான்சுக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் உரியது. ஸ்விட்சர்லாந்தில் அது செல்லாது, ஆகவே போன் மெயின் பேலன்ஸிலிருந்து ஸ்விஸ் விலைக்கு எடுத்துக்கொண்டது. ஜெர்மனிக்காகப் போட்ட அதே ஸ்விட்ச்தான். போனுக்கு ரோமிங் ஆன், ரோமிங் ஆஃப் என்ற இரண்டு நிலைதான் தெரியும். இலவச ரோமிங், காசு ரோமிங் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கடைக்காரத் தம்பியின் எச்சரிக்கை சரியானதே. எங்கே நாடு மாறுகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால்தானே அதைக் கடைப்பிடிக்க முடியும்?

ப்ரீபெய்டு என்பதால் இழப்பு பத்து யூரோவோடு நின்றது.

ஸ்விட்சர்லாந்து ஏன் வெளியே நிற்கிறது

பெரியப்பாவின் குழப்பத்துக்குக் காரணம் ஷெங்கன் விசா. ஒரே விசாவில் எல்லா நாட்டுக்கும் போகிறோம், அப்படியென்றால் போனுக்கும் ஒரே சட்டம்தானே என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் ஐரோப்பாவின் மேல் வெவ்வேறு கோடுகள் வரையப்பட்டிருக்கின்றன. விசாவுக்கு ஷெங்கன், பணத்துக்கு யூரோ, போனுக்கு ஐரோப்பியப் பொருளாதார வெளி. கடைசிக் கோட்டுக்குள் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் உண்டு. அயர்லாந்துக்கு ஷெங்கன் விசா செல்லாது, ஆனால் போன் கோட்டுக்குள் அது இருக்கிறது. ஸ்விட்சர்லாந்து நேர்மாறு. 2008 டிசம்பரில் ஷெங்கனுக்குள் வந்தது, அதனால்தான் எல்லையில் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. பொருளாதார வெளியில் சேரலாமா என்று 1992 டிசம்பர் 6 அன்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது, வேண்டாம் என்ற பக்கம் சிறிய வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்த முடிவு இன்றுவரை தொடர்கிறது.

கோட்டுக்கு உள்ளே விலை இறங்கியது தானாக நடந்ததில்லை. பத்துப் பதினைந்து வருடம் பிடித்த சண்டை அது. வெளிநாட்டில் வந்து இறங்கும் பயணி எந்த டவரைப் பிடிப்பது என்று தானே தேர்ந்தெடுப்பதில்லை. அவருடைய நிறுவனமும் அந்த ஊர் நிறுவனமும் தமக்குள் பேசி மொத்த விலையை முடிவு செய்கின்றன. பேரம் நடக்கும் இடத்தில் வாடிக்கையாளர் இல்லை. ஆகவே விலை இறங்க எந்தக் காரணமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்போது தொலைத்தொடர்புக்குப் பொறுப்பாக இருந்த ஆணையர் விவியான் ரெடிங் இதைச் சட்டத்தால்தான் உடைக்க முடியும் என்று நின்றார். 2007 ஜூன் 30-ல் முதல் ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்தது. பேசினால் நிமிடத்துக்கு 49 சென்ட், அழைப்பை எடுத்தால் 24 சென்ட், அதற்கு மேல் வாங்கக் கூடாது, வரி தனி. பெரிய நிறுவனங்கள் பிரிட்டனில் வழக்குப் போட்டன. அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், சட்டம் செல்லும் என்று 2010 ஜூன் 8-ல் தீர்ப்பானது.

டேட்டாவின் விலையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். 2012 ஜூலையில் வந்த உச்சவரம்பு ஒரு எம்பிக்கு 70 சென்ட். இன்று ஒரு வீடியோவில் கரையும் ஒரு ஜிபிக்கு 700 யூரோவுக்கு மேல். அது குறைக்கப்பட்ட விலை! 2013-ல் 45 சென்ட், 2014-ல் 20 சென்ட் என்று இறங்கி, 2017 ஜூன் 15-ல் கூடுதல் கட்டணமே கூடாது என்று ஆனது. ஊரில் என்ன விலையோ அதே விலைதான் கோட்டுக்குள் எங்கும். நிறுவனங்கள் தமக்குள் வாங்கிக்கொள்ளும் மொத்த விலைக்கும் வரம்பு உண்டு. 2017-ல் ஜிபிக்கு 7.70 யூரோவாக இருந்தது 2026-க்கு 1.10 யூரோ, 2027-ல் 1 யூரோ. இப்போதுள்ள ஒழுங்குமுறை 2032 வரை செல்லும். உக்ரைனும் மால்டோவாவும் 2026 ஜனவரி 1-ல் இந்தக் கோட்டுக்குள் வந்தன.

இதில் இந்தியப் பயணி கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தச் சட்டம் கோட்டுக்குள் இருக்கும் நிறுவனங்களின் சிம்முக்கு உரியது. திருநெல்வேலியில் வாங்கிய சிம்மோடு பாரிஸில் நிற்பவருக்கு அதில் பங்கு இல்லை. நம் நிறுவனம் பிரெஞ்சு நிறுவனத்தோடு என்ன ஒப்பந்தம் போட்டதோ அதுதான் விலை. பெரியப்பா பிரெஞ்சு சிம் வாங்கியதால்தான் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் அந்தச் சட்டம் அவருக்கும் வேலை செய்தது.

வாடூஸ்

ஸ்விட்சர்லாந்தில் இருந்த நாட்களுக்குப் பெரியப்பாவின் பிரெஞ்சு சிம்மில் ரோமிங் அணைந்தே இருந்தது, அவரும் அக்காவின் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்துகொண்டார். 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக்கிலும் சிக்னல் நன்றாகவே இருந்தது. பனியில் நின்று பெரியம்மா தன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டியது அங்கிருந்துதான்.

லீக்டன்ஸ்டைன் வந்ததும் சிக்கல் புது வடிவத்தில் வந்தது. அந்த நாடு 1995 முதல் பொருளாதார வெளியில் இருக்கிறது. ஆகவே சட்டப்படி பிரெஞ்சு சிம் அங்கே கூடுதல் காசில்லாமல் வேலை செய்ய வேண்டும். ஆனால் வாடூஸ் நிற்பது ரைன் பள்ளத்தாக்கின் ஒரு கரையில். எதிர்க்கரை ஸ்விட்சர்லாந்து. ஆற்றைத் தாண்டி ஸ்விஸ் சிக்னல் தாராளமாக வரும். உட்கார்ந்திருக்கும் நாட்டைப் பார்த்து அல்ல, பிடித்த டவரைப் பார்த்துத்தான் காசு. இந்த முறை பெரியப்பாவே முன்கூட்டிக் கேட்டார். நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை அணைத்து, வரும் பட்டியலில் எஃப்எல்1 என்ற பெயரைத் தொடச் சொன்னேன். அது லீக்டன்ஸ்டைன் நிறுவனம். அதன் பிறகு ரோமிங்கைப் போட்டார். காசு போகவில்லை. ஆஸ்திரிய எல்லையைத் தாண்டியதும் மறுபடி தானியங்கிக்கு மாற்றிவிட வேண்டும், மறந்தால் போன் டவரே இல்லாமல் நிற்கும்.

சிங்கப்பூருக்கும் மலேசியாவின் ஜொகூருக்கும் நடுவிலும் இதே கதைதான். எல்லை ஓரத்தில் எங்கே தங்கினாலும் டவரின் பெயரைக் கையால் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருப்பது நல்லது.

இத்தாலி

இத்தாலியில் சொல்ல அதிகமில்லை. பிரெஞ்சு சிம் நன்றாக ஓடியது, வாத்திகனுக்குள்ளும் இத்தாலிய டவரையே பிடித்தது. பிரான்சில் கொடுக்கும் முழு டேட்டாவும் வெளியே கிடைக்காது என்பதை மட்டும் முன்பே சொல்லியிருந்தேன். நிறுவனங்கள் நியாயப் பயன்பாட்டு வரம்பு வைக்கலாம், அதற்கு ஒரு கணக்கும் உண்டு. பேக்கின் விலையில் வரியைக் கழித்து, நிறுவனங்கள் தமக்குள் வாங்கும் மொத்த விலைக்கு அந்த வருடம் உள்ள வரம்பால் வகுத்து, இரண்டால் பெருக்க வேண்டும். 24 யூரோ பேக் என்றால் பிரான்சின் 20 சதவீத வரி போக 20 யூரோ. 1.10-ஆல் வகுத்து இரட்டித்தால் சுமார் 36 ஜிபி. அன்லிமிடெட் என்று எழுதியிருந்தாலும் வெளியே இவ்வளவாவது தந்தாக வேண்டும் என்பது சட்டம். பெரியப்பா அதில் கால் பங்கைக்கூடத் தொடவில்லை.

கோட்டுக்குள் இலவசம் என்பதை இந்தியாவுக்குப் பேசவும் இலவசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரெஞ்சு சிம்மிலிருந்து இந்திய எண்ணுக்கு அடித்தால் அது தனிக் கட்டணம். வாட்ஸ்அப் குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஒரு எம்பிகூட ஆகாது என்பதால் பேசுவதை எல்லாம் அதிலேயே வைத்துக்கொண்டார்கள்.

வெனிஸில் சான் மார்கோ சதுக்கத்துக் கூட்டத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் குழுவை விட்டுப் பிரிந்துவிட்டார்கள். அக்காவின் ஹாட்ஸ்பாட் அந்தத் தூரத்துக்கு எட்டாது. பெரியப்பாவிடம் சொந்த சிம் இருந்ததால் வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பினார், மணிக்கூண்டுக்குக் கீழேயே நில்லுங்கள் என்று பதில் வந்தது, சற்று நேரத்தில் அக்கா போய்ச் சேர்ந்தார். செலவைப் பார்த்தால் பெரியப்பாவுக்குத் தனி சிம்மே தேவையில்லை, ஹாட்ஸ்பாட் போதும் என்று வாதிடலாம். நான் அந்த வாதத்தை ஏற்கமாட்டேன். குழுவில் வயதான ஒரு ஜோடி இருந்தால் அவர்களிடம் தனியாக இயங்கும் ஒரு போன் இருந்தாக வேண்டும். குறைக்க வேண்டியது வேறு இடத்தில்.

கணக்கு

அத்தானின் பேக் நாலாயிரம், இசிம் இரண்டாயிரம், பிரெஞ்சு சிம்மும் பேலன்ஸும் சேர்ந்து மூவாயிரத்துச் சொச்சம், வீட்டு ரீசார்ஜ் முந்நூறு. யூரோ நூறு ரூபாயை ஒட்டி இருந்த நேரம். பத்தாயிரத்துக்குள் அடங்கியது. நால்வருக்கும் இந்தியப் பேக் எடுத்திருந்தால் பதினைந்தாயிரத்தைத் தாண்டியிருக்கும். ஓடிபி ஒன்றுகூடத் தவறவில்லை.

இதே வழியில் போகும் இன்னொரு குடும்பத்துக்கு நான் ஒன்றை மாற்றிச் சொல்வேன். வழியில் ஸ்விட்சர்லாந்து இருந்தால், பெரியவருக்கு எந்த சிம் வாங்கினாலும் ஸ்விட்சர்லாந்து சேர்ந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும், இரண்டு மூன்று யூரோ கூடினாலும் பரவாயில்லை. அப்போது எந்த ஸ்விட்சையும் எல்லையில் தேட வேண்டியதில்லை. போட்டோ பேக்கப்பை வைஃபையில் மட்டும் என்று மாற்றுவதும், வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்கள் தானாக இறங்குவதை நிறுத்துவதும் பெரியவர்களின் போனில் நாமே உட்கார்ந்து செய்துகொடுக்க வேண்டியவை. மெயின் பேலன்ஸில் தேவைக்கு மேல் காசு போடாமல் இருப்பதும் ஒரு பாதுகாப்பு. போஸ்ட்பெய்டு சிம் வைத்திருக்கும் ஐரோப்பிய உறவினர்களுக்கு வரிக்கு முன் 50 யூரோவில் டேட்டாவை நிறுத்தும் தடுப்பு இயல்பாகவே இருக்கும். நம் சிம்முக்கு என்ன வரம்பு என்பதை நாம்தான் கேட்டு வைக்க வேண்டும்.

லண்டனில் தொடங்கும் பயணம் என்றால் கணக்கு மாறும். பிரிட்டன் 2020-ன் முடிவோடு இந்தக் கோட்டுக்கு வெளியே போய்விட்டது, அங்குள்ள பெரிய நிறுவனங்கள் சில 2022-லிருந்து ஐரோப்பாவில் மறுபடி நாள் கட்டணம் வாங்குகின்றன. லண்டன் உறவினர் கொடுக்கும் சிம்மைப் பாரிஸுக்கு எடுத்துப் போவதற்கு முன் அதன் திட்டத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விமானத்திலும் கப்பலிலும் செயற்கைக்கோள் வழியாக ஓடும் மொபைல் சேவையைப் போன் தானாகப் பிடித்துக்கொள்ளும். அது ஐரோப்பியச் சட்டத்தின் விலை வரம்பில் வராது, ரோமிங் பேக்குகள் பலவற்றிலும் அடங்காது. ஃப்ளைட் மோடு போடுவதுதான் எளிய வழி. அத்தான் துபாயில் விமானம் மாறும்போதும் ஃப்ளைட் மோடிலேயே வைத்து, விமான நிலைய வைஃபையை மட்டும் பயன்படுத்தினார். அவருடைய பேக் முதல் வெளிநாட்டு டவரைப் பிடித்த நேரத்திலிருந்து நாள் எண்ணத் தொடங்கும் வகை, துபாய்க்காக ஒரு நாளை இழக்க வேண்டியதில்லை. அந்த வைஃபையில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு போகாது. அமீரகத்தில் அதற்குத் தடை உண்டு. பத்திரமாக வந்து சேர்ந்தோம் என்று குரல் பதிவு செய்து அனுப்பினால் வீட்டில் கேட்டுக்கொள்வார்கள், அழைப்பு வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம் என்று கிளம்பும் முன்பே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.